பொய்க் கடலைத் தாண்டும்போது

கேப்டன் அக்காவின் வீட்டுக்காரருக்கு விமானம் என்றாலே பயம். இதைவிடக் கூத்து வேறு உண்டா? பெண்டாட்டி வாரத்தில் பாதி நாள் ஆகாயத்தில் இருக்கிறாள். அவளை நம்பி இருநூறு பேர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள். இவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பாட்டுப் பாடுகிற மனுஷர். அப்பேர்ப்பட்டவரை, "ஒரே ஒரு தரம் என் விமானத்துல வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டால் போதும், முகம் சுண்டிப்போகும்.

"குழியில விழுந்தா எங்க விழுந்தோம்னாவது தெரியும். அங்க மேல பிடிச்சுக்க என்ன இருக்கு?" என்பார்.

"நான் இருக்கேனே."

"நீ முன்னாடி இருப்ப. நான் பின்னாடில்ல உட்காரணும்! முன்னாடி என்ன நடக்குதுன்னு எனக்கு யார் சொல்றது?"

இப்படிக் கல்யாணமான நாளிலிருந்து தரையிலேயே காலத்தை ஓட்டிவிட்டார். அவள் சம்பாத்தியத்தில் ஊர் உலகமெல்லாம் சுற்றி வந்திருக்கலாம். ரயில் போகும் ஊருக்கு மேல் ஒரு அடி நகர்ந்ததில்லை.

கேப்டன் அக்கா என்பது கம்பெனியில் எல்லோரும் கூப்பிடுகிற பேர். தடித்த உடம்பு, குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. ஜாக்கிரதை என்றால் அப்படியொரு ஜாக்கிரதை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவள் மாடிப்படி பாதியில் நின்று, "கேஸை மூடினேனா?" என்று திரும்பி ஏறுவாள். மூடித்தான் இருக்கும். அவள் வாழ்க்கையில் ஒரு நாளாவது திறந்து கிடந்ததில்லை. "உன்னை நம்பி விமானத்தைக் கொடுத்திருக்காங்களே, அவங்க புத்திசாலிங்கதான்" என்று வீட்டுக்காரர் கீழே நின்று கத்துவார். பக்கத்து வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அவ்வளவு ஜாக்கிரதையான பெண்பிள்ளைக்குத்தான் அந்தக் கடல் வந்து வாய்த்தது.

அவள் வழக்கமாகப் போகும் வழியில் ஒரு கடல் குறுக்கே வரும். அதன் கரையில் இரண்டு நாட்டுக்காரர்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தன் ஏவி விடும் ஆளில்லா விமானத்தை இன்னொருத்தன் வழிதவற வைக்க வேண்டும். அதற்காகக் கரையில் பெரிய பெரிய கருவிகளை வைத்து, நீ இருக்கும் இடம் இதுதான் என்று விமானத்துக்குச் செயற்கைக்கோள் சொல்வது மாதிரியே பொய் பேசினார்கள். பொய் என்ன, எதிரியா வழிப்போக்கனா என்று ஆள் பார்த்தா போகும்? மேலே போகிற பயணிகள் விமானங்களும் அதைக் கேட்டு நம்பின. நடுக்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும் விமானம் திடீரென்று தான் ஏதோ ஒரு பாலைவன ஏர்போர்ட்டில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். கடிகாரம் போன வருஷத்துக்கு ஓடிவிடும். விமானிகள் அதற்குப் பொய்க் கடல் என்று பேர் வைத்தார்கள்.

முதல் தரம் அது நடந்தபோது அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையில் வழியே இல்லை. அதைவிடக் கொடுமை, அந்தக் குரல். விமானம் மலையில் மோதப் போகிறது என்றால் எச்சரிக்க ஒரு குரல் வைத்திருக்கிறார்கள். "டெர்ரெயின்! புல் அப்!" என்று அலறும். எதிரே நிலம், மேலே தூக்கு என்று அர்த்தம். விமானி வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்க்கிறார்கள்: அந்தக் குரல் கேட்டால் யோசிக்காதே, கேள்வி கேட்காதே, தூக்கு. அந்தக் குரல் நடுக்கடலில், மேகமெல்லாம் காலுக்குக் கீழே கிடக்கும் உயரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றைத் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், காது கிழியக் கத்தியது. அன்றைக்கு ஓட்டல் அறைக்குப் போய் அவள் ரொம்ப நேரம் குளித்தாள்.

அப்புறம் பழகிவிட்டது. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. மனுஷனுக்கு எதுதான் பழகாது! கடல் வருவதற்கு முன்னாலேயே செயற்கைக்கோள் தொடர்பை வெட்டிவிடுவார்கள். குரல் செயற்கைக்கோளை நேரே கேட்பதால் அதற்கென்று தலைக்கு மேலே தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் வாயை மூடிக்கொள்ளும். கடலைத் தாண்டியதும் தொடர்பைச் சேர்த்து, பொத்தானை மறுபடி அழுத்திக் குரலைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கம்பெனியும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டது. நடுவழியில் விமானத்துக்குள் இருக்கும் ஒரு பெட்டி, எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று தானே கணக்குப் போட்டு வழி காட்டும். அது யோக்கியமான பெட்டி. ஒரே ஒரு குறை, பொய்யைக் கொஞ்ச நேரம் கேட்டால் அதுவும் நம்ப ஆரம்பித்துவிடும், நம்பிவிட்டால் லேசில் மாறாது.

சில பேர் பொத்தானைத் திரும்பப் போடுவதையே விட்டுவிட்டார்கள் என்று ஓய்வறையில் பேச்சு அடிபட்டது. "எதுக்கு? வரும்போது மறுபடி அணைக்கணும்ல!" என்று ஒருத்தர் சிரித்தாராம். கேப்டன் அக்கா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, முகம் இப்படி இருக்கு?" என்றார் வீட்டுக்காரர், சூப்பைக் கலக்கிக்கொண்டே.

அவள் சொன்னாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க வேலையிலயும் இது உண்டு. லிஃப்ட் கதவு சரியா மூடலைன்னா பெட்டி நகரக் கூடாது, அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அந்த சுவிட்ச் கெட்டுப்போச்சுன்னா, ரிப்பேர் பார்க்கறதுக்காக நாங்க ஒரு ஒயரைக் குறுக்கால போட்டு ஏமாத்துவோம். கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். வேலை முடிஞ்சதும் ஒயரை எடுத்துடணும்."

"எடுக்கலைன்னா?"

அவர் தன் கையைப் பார்த்தார். "என் கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் சின்ன ஒயரா போட்டான். உள்ள மறைஞ்சு போச்சு. மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டான். அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு கேட்காதே, சாப்பிடற நேரம்" என்றார். "அதுலேருந்து நான் முழ நீளத்துக்குச் சிவப்பு ஒயர்தான் போடுவேன். வெளிய தொங்கும். அதை எடுக்காம சுவிட்ச் பெட்டியை மூடவே முடியாது."

"எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவள் விமானத்தில் ஒரு வழக்கம் வந்தது. குரலை அணைத்த கையோடு, ஃபிளாப் லீவரில் அந்தச் சிவப்பு ஒயரைச் சுற்றித் தொங்கவிடுவாள். இறங்கும்போது இறக்கையை அகலப்படுத்த இழுக்க வேண்டிய கைப்பிடி அது. அதைத் தொடாமல் எந்த விமானமும் இறங்க முடியாது. தொட்டால் ஒயர் கையில் தட்டுப்படும், பொத்தான் ஞாபகம் வரும். முதலில் பொத்தான், அப்புறம்தான் ஒயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது. ஒயர் பையில் இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். துணை விமானிகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு மூன்று பேர், "அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட எனக்கும் ஒரு துண்டு கேளுங்க" என்று வந்து நின்றார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரரின் தங்கைக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று போன் வந்தது. அவள் குடும்பத்தோடு இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், மலைகளுக்கு நடுவே ஒரு ஊரில். சண்டையினால் தரை வழி அடைத்தாகிவிட்டது. "அண்ணா, நீ எதுவும் செய்ய வேண்டாம். உள்ள கூட்டிட்டுப் போறப்ப கதவுகிட்ட நில்லு, போதும்" என்று அழுதிருக்கிறாள். போனை வைத்துவிட்டு மனுஷர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"சரி. உன் விமானத்துலயே டிக்கெட் போட்டுடு. வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்" என்றார் கடைசியில்.

கிளம்பும் நாள் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரே கேள்விதான் கேட்டார். "அந்தப் பொத்தானை அணைப்பியா?"

"அணைச்சுத்தான் ஆகணும்."

"திரும்பப் போட்டுடுவியா?"

"என்னங்க இது! போடாம இருப்பேனா? உங்க ஒயர்தான் கூடவே வருதே."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு அவளோடு வந்த துணை விமானிக்கு மாப்பிள்ளை என்று பேர். இன்னும் சில வாரங்களில் கல்யாணம், அதனால் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நல்ல பையன், கை சுத்தமான வேலை. பயணிகள் பக்கத்துக்குப் பொறுப்பாக வந்த பணிப்பெண்ணை மேஸ்திரி என்பார்கள். அவள் ஒரு பார்வை பார்த்தால் முரட்டுப் பயணியும் பெல்ட்டைப் போட்டுக்கொள்வான். மேஸ்திரியிடம் அக்கா தனியாகச் சொல்லி வைத்தாள்: "பதினேழாம் வரிசை ஜன்னல். கொஞ்சம் பார்த்துக்கோ. கையைப் பிடிச்சுக்கச் சொன்னாலும் சொல்வார்."

பொய் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. கடல் இன்னும் கண்ணில்கூடப் படவில்லை, தொடர்பை வெட்ட இன்னும் நேரம் இருக்கிறது என்று இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் கடிகாரம் பின்னால் ஓடியது.

"அக்கா! போன வருஷத்துக்குப் போயிட்டோம். எனக்கு இன்னும் பொண்ணே பார்க்கலை" என்றான் மாப்பிள்ளை.

"தப்பிச்சு ஓடிடு, இதுதான் சமயம்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே தொடர்பை வெட்டினாள், குரலை அணைத்தாள், ஒயரைச் சுற்றினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அந்த யோக்கியமான பெட்டி எவ்வளவு பொய்யைக் குடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்சம்தான் குடித்திருந்தது. நிறையக் குடித்திருந்தால் பாதை கோணலாகி உடனே தெரிந்திருக்கும். கொஞ்சமாகக் குடித்ததால் திரையில் பாதை அழகாக, நேராக, சந்தேகமே வராதபடி இருந்தது.

கடலைத் தாண்டினார்கள். செயற்கைக்கோள் சரியாகிவிட்டது என்று பச்சை எழுத்து வந்தது. தொடர்பைச் சேர்த்தார்கள். வழக்கமாகப் பெட்டியின் கணக்கைத் தரையிலிருந்து பேசும் ஒரு ரேடியோ நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த மலை ஊரில் இருந்த நிலையத்தை, எல்லோரிடமும்தான் செயற்கைக்கோள் இருக்கிறதே என்று மூடி வைத்திருந்தார்கள். எந்தப் புண்ணியவான் செய்த சிக்கனமோ!

"சரி, குரலைக் கூப்பிடுவோம்" என்று அக்கா ஒரு கையால் ஒயரைக் கழற்றினாள், இன்னொரு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனாள். பொத்தானை முதலில் அழுத்திவிட்டு அல்லவா ஒயரைத் தொட வேண்டும்? அன்றைக்கு இரண்டும் ஒன்றாக நகர்ந்தன. எத்தனையோ தரம் செய்து செய்து கைகளுக்கு அவ்வளவு பழக்கம். அந்த நேரம் பார்த்து உள் போன் அடித்தது. மேஸ்திரி.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் ஒரு தகவல் சொல்லச் சொன்னார்." மேஸ்திரிக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை. "அவர் சீட்டுக்கு முன்னாடி இருக்கற திரையில விமானம் ரொம்ப நேரமா ஒரு ஏர்போர்ட்ல நின்னுட்டு இருக்காம். 'நின்னுட்டுத்தானே இருக்கு, நான் இங்கயே இறங்கிக்கறேன், கதவைத் திறக்கச் சொல்லு'ங்கறார்."

அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பயந்தாங்கொள்ளி மனுஷர், காலமெல்லாம் தரையில் கிடந்தவர், ஆகாயத்தில் உட்கார்ந்து கேலி பேசுகிறாரே! கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். ஒரு கை ஒயரைச் சட்டைப் பையில் போட்டது. பொத்தானை அழுத்த வேண்டிய விரல் கண்ணைத் துடைக்கப் போனது.

பொத்தான் அணைந்தபடியே இருந்தது. அணைந்திருக்கிறது என்று காட்ட அதில் ஒரு சின்ன வெள்ளை எழுத்து எரியும். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து, சுவரில் இருக்கும் பல்லி மாதிரி அது கண்ணில் படாமல் போய்விட்டது. மாப்பிள்ளை அக்காவின் சட்டைப் பையைப் பார்த்தான். சிவப்பு நுனி எட்டிப் பார்த்தது. ஒயர் உள்ளே போய்விட்டது, அப்படியானால் குரல் வந்தாச்சு. அவன் அடுத்த வேலையைப் பார்த்தான்.

இறங்க ஆரம்பித்தார்கள். கீழே மேகம் கம்பளி மாதிரி மூடிக் கிடந்தது. அதற்குள் நுழைந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளை. ஜன்னல் இருந்தும் இல்லாத மாதிரிதான். திரையைத்தான் நம்ப வேண்டும். திரையில் இரண்டு பக்கமும் மலை, நடுவே அகலமான பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கின் நட்ட நடுவில் விமானம். பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

ஆனால் விமானம் அங்கே இல்லை. தொடர்பைச் சேர்த்த பிறகும் திரை பெட்டியின் கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. பெட்டி குடித்த பொய்யின் அளவுக்குத் தள்ளி, மலையின் பக்கத்தில் இருந்தது. பதினேழாம் வரிசையில் ஒருத்தர் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "அவ முன்னாடி இருக்கா, அவ முன்னாடி இருக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"ஃபிளாப் போடலாம்க்கா" என்றான் மாப்பிள்ளை.

அக்கா லீவரைப் பிடித்தாள். கை நின்றுவிட்டது.

அங்கே ஒயர் இல்லை. இருக்கக் கூடாதுதான், அவளே கழற்றினாள், பையில் இருக்கிறது, தெரியும். ஆனாலும் இத்தனை மாதம் அந்த இடத்தில் ஒயரைத் தொட்டுப் பழகிய விரல்கள் எதையோ தேடின. கழற்றியது ஞாபகம் இருக்கிறது. சிரித்தது ஞாபகம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினேனா? மாடிப்படி பாதியில் நின்று கேஸை மூடினேனா என்று கேட்கும் அதே கேள்வி, அதே குரல்.

நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை எழுத்து எரிந்துகொண்டிருந்தது.

அழுத்தினாள்.

அழுத்திய மறுகணம் குரல் அலறியது. "டெர்ரெயின்! டெர்ரெயின்! புல் அப்!"

"இங்கயுமா! பொய்தான்க்கா, இன்னும் தெளியலை. அணைச்சிடறேன்" என்று மாப்பிள்ளை கையை நீட்டினான். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நிதானமாக, அலட்டிக்கொள்ளாமல், ஈயை விரட்டப் போகிற மாதிரி நீட்டினான். திரையில் பள்ளத்தாக்கு இருக்கிறது, நடுவில் விமானம் இருக்கிறது, குரலோ மாதக்கணக்காகப் பொய் சொன்ன குரல். யாராக இருந்தாலும் எதை நம்புவார்கள்?

அக்கா அவன் கையை ஓங்கி அடித்தாள். "தொடாதே!"

அடித்த கையாலேயே விமானத்தைத் தூக்கும் கைப்பிடியை இழுத்தாள். இன்ஜின் இரண்டும் உச்சத்துக்குப் போய்க் கதறின. விமானம் மூக்கைத் தூக்கியது. பின்னால் தட்டுகளும் பெட்டிகளும் உருளும் சத்தம், ஜனங்களின் கூச்சல் எல்லாம் கதவைத் தாண்டிக் கேட்டது. குரல் நிற்கவில்லை. மேலே தூக்கு, மேலே தூக்கு என்று அது கெஞ்சுகிற மாதிரி அவளுக்குப் பட்டது. தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். இதற்கு மேல் தூக்கினால் விமானம் தாங்காது.

மேகம் ஒரு இடத்தில் கிழிந்தது. மாப்பிள்ளையின் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, எட்டிப் பிடிக்கலாம் போல, ஈரமான கறுப்புப் பாறை. அதில் ஒரு மரம். மரத்தில் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அப்புறம் மறுபடி வெள்ளை. குரல் சட்டென்று ஓய்ந்தது.

மாப்பிள்ளையின் கை இன்னும் பாதி வழியில் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாதவன் போலப் பார்த்தான். பிறகுதான் தரையிலிருந்து ரேடியோவில், "நீங்க எங்க போறீங்க? அங்க மலை!" என்று ஒருத்தர் பதறினார். திரையைத் தொடாமல், தரையிலிருந்து அவர் சொல்லச் சொல்லத் திரும்பி, ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ கதிரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் பின்னால் சில பேர் கைதட்டினார்கள். சில பேர் கண்டபடி திட்டினார்கள்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகும் மாப்பிள்ளை பெல்ட்டைக் கழற்றவில்லை. "அக்கா, நான் கையை நீட்டினேன்" என்றான். "நீங்க அடிக்கலைன்னா அணைச்சிருப்பேன். கூசாம அணைச்சிருப்பேன்."

"நான் போடவே மறந்தேன்டா" என்றாள் அவள். வேறு என்ன சொல்வது? இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். பிறகு அக்கா எழுந்து போய் கம்பெனிக்காரர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தன் விரலையும் மறைக்கவில்லை, அவன் கையையும் மறைக்கவில்லை. விசாரணை முடியும் வரை இருவரும் பறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரி என்றாள்.

வீட்டுக்காரர் வெளியே வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் முதலில் அவள் சட்டைப் பையைப் பார்த்தார். சிவப்பு நுனி இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் வேலை பார்க்கிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

"ஒயரை எடுத்துட்ட. பொத்தானைப் போடலை. அதானே?"

தலையை ஆட்டினாள்.

"எப்ப எடுத்த?"

"கடல் தாண்டினதும்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நான் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு கேலி சொல்லி அனுப்பினேனே. அது எப்ப வந்துச்சு?"

இல்லைங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். வாய்வரை வந்தது. அந்தப் பொய்யை அவர் நம்பியும் இருப்பார், நிம்மதியாகத் தூங்கியும் இருப்பார். அவள் ஒயரை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பதான் வந்துச்சு" என்றாள். "சிரிச்சேன். சிரிச்சதுல விட்டுட்டேன். தப்பு என்னோடது. ஆனா நீங்க கேட்டதுக்கு பதில் இதுதான்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் அவர் முதுகில் கையை வைத்தாள். தரை துடைக்க வந்தவர் அவர்கள் காலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

தங்கையின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கதவுகிட்ட அண்ணன் நின்றார். ஊருக்குத் திரும்ப வேறு வழி கிடையாது, அதே கடல்தான், விமானம்தான். இந்தத் தரம் அக்கா சீருடை இல்லாமல், சாதாரணச் சட்டையில், பின்னால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். விமானியாகி இத்தனை வருஷத்தில் அவள் பின்னால் உட்கார்ந்து அந்தக் கடலைத் தாண்டியதே இல்லை.

வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. காபி வந்தது. கொஞ்ச நேரத்தில் முன்னால் இருந்த திரையில் குட்டி விமானம் துள்ளி எங்கேயோ போய் நின்றது. ஒரு பாலைவனத்தின் நடுவில், ஒரு ஏர்போர்ட்டில். "ஐயோ, இங்க பாருடா!" என்று பின் சீட்டில் ஒருத்தன் சிரித்தான். போனை எடுத்துப் படம் பிடித்தான். வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது.

அவர் சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னால், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், இப்போது ஒரு விரல் தலைக்கு மேலே போய் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். யாருடைய விரலோ. அவர்களிடம் ஒயர் இருக்கிறதோ இல்லையோ. அவளுடையது சட்டைப் பையில்தான் இருந்தது.

கடல் முடிந்தது. திரையில் விமானம் மறுபடி துள்ளித் தன் பாதைக்கு வந்தது. பின் சீட்டுக்காரன் தூங்கிப்போயிருந்தான். விமானம் மெல்ல மூக்கைத் தாழ்த்தி இறங்க ஆரம்பித்தது. ஜன்னலில் முதல் மேகம் உரசிப் போனது.

"போட்டுட்டாங்களா?" என்று கேட்டார் அவர், தாழ்ந்த குரலில்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இன்ஜின் சத்தம், யாரோ இருமும் சத்தம், மேஸ்திரி டம்ளர்களைச் சேகரிக்கும் சத்தம். அவ்வளவுதான்.

"தெரியாதுங்க" என்றாள். "இங்க கேட்காது."